மூணாவது பட்டனை யாரும் அமுக்கவில்லை

நான் வேலை பார்த்த நெட் கம்பெனிக்குப் புது ரவுட்டர் வந்து இறங்கியிருக்குதாம். முன்பக்கம் மொட்டையா இருக்குதாம். ஸ்க்ரீன் இல்லை, பட்டன் இல்லை, பேருக்கு ரெண்டு லைட்டு. மத்ததெல்லாம் செல்போனிலேயே பார்த்துக்கலாமாம். ஓய்வு வாங்கி ஊட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இது எதுக்குன்னு கேட்டுட்டு விட்டிருப்பேன். ஆனா ஆபீஸில் ஆண்டு மலர் போடறாங்க. பழைய ரவுட்டர் பெட்டியோட முன் பேனல் கெட்டுப்போனதை நான்தான் கண்டுபிடிச்சேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதை எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க.

நான் படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதணும், நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும், எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை. கண்டுபிடிச்சது நான்தான், அது நெசம். அதைக் கெடுத்ததும் நான்தான். அந்தப் பாதியை அவங்களுக்கு யாரும் சொல்லலை போல. ரெண்டையும் சேர்த்தே எழுதறேன்.

நெட் கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடி பதினாறு வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். தைச்சு வந்த பீசை மேசையில் விரிச்சு, ஓட்டை இருக்குதா, தையல் விட்டிருக்குதா, நிட்டிங் மிஷின் எண்ணெய் பட்டிருக்குதான்னு பார்க்கிற வேலை. கறை இருந்தா ஸ்ப்ரே கன்னில் மருந்தடிச்சு எடுத்துடுவோம். என் மேசையைத் தாண்டிப் போன பீசு திரும்பி வந்ததா யாரும் சொன்னதில்லை. நின்னு நின்னு கால் நரம்பு சுருட்டிக்கிட்டதால அந்த வேலையை விட்டேன்.

நெட் கம்பெனிக்கு என்னைக் கூப்பிட்டது பஞ்சுக்காக. திருப்பூரில் பஞ்சு எங்கே பறக்காம இருக்குது? எங்க கட்டடத்துக்குக் கீழேயே நிட்டிங் ஓடுச்சு. மாடியில் ரவுட்டர் ரூம். ஏசி போட்டுக் கதவைச் சாத்தினாலும் பஞ்சு உள்ளே வந்துடும். வந்தா பெட்டியோட ஃபில்டர் அடைச்சுக்கும், காத்துப் போகாது, பெட்டி சூடாகிடும். பஞ்சை விரட்ட ஒரு ஆள் வேணும்னு மேனேஜர் தங்கராசு என்னைச் சேர்த்துக்கிட்டார். கூட்டறதும் துடைக்கறதும்தான் வேலை. அதோட நிக்காம என்னைப் பெட்டியைப் பார்க்க வச்சது அருள்மேரி மேடம்.

மேடம் நாகர்கோவில் பக்கம். ரூமுக்கு அவங்கதான் தலைமை. என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க, என்னை எக்கான்னுதான் கூப்பிடுவாங்க. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது கெட்டுப்போச்சுன்னா பசங்க ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிச் சொருகுவாங்க. மேடம் அப்படி இல்லை. பெட்டிக்கு முன்னாடி வந்து, ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே நிப்பாங்க. ஒருநாள் ஏன்னு கேட்டேன்.

"தொட்டாச்சுன்னா எக்கா, அது கெட்டதா நாம கெடுத்ததான்னு பொறவு தெரியாது."

அப்புறம் எனக்கு வேலை சொல்லிக் குடுத்தாங்க. பெட்டி என் இடுப்பு உயரம் இருக்கும். உள்ளே எட்டு கார்டு. ஒவ்வொரு கார்டிலும் ஊருக்குள்ளே இருக்கிற பல கம்பெனிகளோட லைன் வந்து சேரும். ஒவ்வொரு கார்டுக்கும் சொந்தமா ஒரு சின்ன லைட்டு உண்டு. எல்லாத்துக்கும் மேலே, நெத்தியில் பட்டி கட்டின மாதிரி ஒரு பேனல். அதில் நாலு வரி ஓடுற ஸ்க்ரீன், ஒரு சிவப்பு லைட்டு, ஒரு மஞ்ச லைட்டு, எட்டு கார்டுக்கும் எட்டுப் பட்டன். பட்டனை மூணு விநாடி அமுக்கிப் பிடிச்சா அந்தக் கார்டு அணைஞ்சுடும். அப்புறம் அதைக் கழட்டலாம். திரும்ப அதே மாதிரி பிடிச்சா ஏறிக்கும். சும்மா தட்டினா ஒண்ணும் ஆகாது.

மூணு சாட்சியையும் கேக்கணும்பாங்க மேடம். மேலே இருக்கிற பேனல் என்ன சொல்லுது, கார்டோட சொந்த லைட்டு என்ன சொல்லுது, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தா என்ன வருது. மூணும் ஒண்ணு சொன்னா அதுதான் வியாதி. ஒண்ணு மட்டும் மாத்திச் சொன்னா, மாத்திச் சொல்றவனைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

கம்ப்யூட்டர் எனக்கு ஆகாது. லைட்டு ரெண்டையும் பார்த்து நோட்டில் குறிக்கச் சொன்னாங்க. எழுத நேரமாகும்னு சொன்னதுக்கு, எழுதவே வேண்டாம், வேற வழி பாருங்கன்னுட்டாங்க. நான் பழைய கம்பெனியில் இருந்து கலர் நூல் கொண்டுவந்தேன். கார்டு நல்லா ஓடினா பச்சை எரியும், தடுமாறினா மஞ்ச. பச்சை எரிஞ்சா பச்சை நூல், மஞ்ச எரிஞ்சா மஞ்ச நூல், அணைஞ்சிருந்தா கறுப்பு. விரல்கடை அளவு வெட்டி, கட்டம் போட்ட நோட்டில் பசை வச்சு ஒட்டுவேன். காலையில ஒரு வரிசை, மத்தியானம் ஒரு வரிசை, பொழுதோட ஒரு வரிசை. வருசம் நாலாச்சு, நோட்டு ஒம்போதாச்சு. வந்து பார்த்துட்டுச் சிரிச்ச இன்ஜினியர்கள் உண்டு. மேடம் அந்த நோட்டைப் புரட்டித்தான் மாசக் கணக்கு எழுதுவாங்க.

இப்ப நான் பண்ணுன தப்புக்கு வர்றேன்.

பேனலைக் காஞ்ச துணியில் துடைக்கணும், இல்லாட்டி பிரஷ் போடணும். அதுக்கு மேலே எதுவும் கூடாதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தாங்க. ஆனா கீழே நிட்டிங் ஓடுற கட்டடம் இல்லீங்களா, காத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும். பட்டனைச் சுத்திப் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பா ஒரு வளையம் பிடிச்சுக்கிச்சு. காஞ்ச துணிக்கு அது அசையலை. முதலாளி வந்து ரூமைப் பார்க்கப் போறார்னு சொன்னாங்க. கறையைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது. பழைய கம்பெனி சிநேகிதிகிட்ட ஒரு ஷாம்பு பாட்டிலில் கறை மருந்து வாங்கி வச்சிருந்தேன். ஒரு திங்கக்கிழமை காலையில பனியன் வேஸ்ட் துணியில் அதை நனைச்சு, எட்டுப் பட்டனையும் சுத்தித் தேய்ச்சேன். பேனல் புதுசு மாதிரி ஆயிடுச்சு. முதலாளி வந்தார், நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போனார். ரெண்டு நாள் எனக்குக் கால் தரையில் படலை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணி. மூணாவது கார்டு அணைஞ்சுது. கொஞ்ச நேரத்தில் தானா ஏறுச்சு. மறுபடி அணைஞ்சுது. மேலே சிவப்பு லைட்டு. ஸ்க்ரீனில் எழுத்துப் பாதி தெரியுது, பாதி தெரியலை. போன் அடிக்க ஆரம்பிச்சுது. அந்தக் கார்டில் இருந்ததெல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனிங்க. கப்பலுக்குப் போற சரக்குக்கு நெட்டில்தான் பேப்பர் ஏத்தணும். லைன் இல்லாட்டி சரக்கு கேட்டிலேயே நிக்கும்.

கோயமுத்தூரில் இருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். வந்த வேகத்தில் மூணாவது கார்டைக் கழட்டி ஸ்பேர் கார்டைப் போட்டார். பத்து நிமிசம் ஓடுச்சு, அதுவும் விழுந்துச்சு. அப்புறம்தான் மேடம் கம்ப்யூட்டரில் மூணாவது சாட்சியைக் கேட்டாங்க. வந்த பதிலைப் படிச்சுட்டுக் கம்ப்யூட்டரை இன்ஜினியர் பக்கம் திருப்பினாங்க. இன்ஜினியர்தான் சத்தமாப் படிச்சுச் சொன்னார். பட்டனை அமுக்கினதால கார்டு அணைஞ்சுதுன்னு அதில் இருந்துச்சு. ஒரு தடவை இல்லை, காலையில இருந்து ஒவ்வொரு தடவையும்.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. காலையில அந்த ரூமுக்குள்ளே இருந்தது நான் ஒருத்திதான். இன்ஜினியர் வந்தப்புறமும் பெட்டிக்குப் பக்கத்தில் துணியோட நின்னது நான்தான்.

மேனேஜர் தங்கராசு மரியாதையாத்தான் கேட்டார். எங்க ஊரில் வேலையை விட்டு நிக்கச் சொல்றதானாலும் ங்க போட்டுத்தான் சொல்லுவாங்க.

"ஏனுங்க பழனாத்தா, தெரியாம ஏதாச்சும் அமுக்கீட்டீங்களா?"

"இல்லீங்க. நான் தொடலீங்க."

"தொடாம எப்படீங்க பட்டன் அமுங்கும்? பேயா வந்து அமுக்குது?"

"பேயைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் அமுக்கலீங்க."

எனக்கு மூஞ்சி எரிஞ்சுது. பதினாறு வருசம் செக்கிங், நாலு வருசம் இங்கே, கை நீட்டி ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லை. மேடம்தான் குறுக்கே வந்து, எல்லாரும் வெளியே வாங்கன்னாங்க. என்னையும் சேர்த்து எல்லாரையும் வெளியேத்திக் கதவைப் பூட்டி, சாவியை மேனேஜர் கையில் குடுத்தாங்க. கண்ணாடி வழியா எல்லாரும் பார்த்துக்கிட்டே நின்னோம். கால் மணி ஆகலை, பூட்டின ரூமுக்குள்ளே மூணாவது லைட்டு அணைஞ்சுது. வெளியே இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தா, பட்டனை அமுக்கினதாலன்னே சொல்லுது.

மேனேஜர் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு, மன்னிச்சுக்குங்கன்னு என்கிட்டச் சொன்னார். எனக்கு மனசு குளுந்துடுச்சு. அந்த நிமிசத்தில் நான் ஊட்டுக்குப் போயிருந்தா இந்தக் கதை எனக்குப் பெருமையாவே முடிஞ்சிருக்கும்.

ஆனா இன்ஜினியர் சும்மா இருக்கலை. கார்டு நல்லா இருக்குது, யாரும் அமுக்கலை, அப்படீன்னா எட்டு கார்டும் சொருகியிருக்கிற முதுகுப்பலகைதான் போயிருக்குது, மொத்தப் பெட்டியையும் மாத்தணும்னார். அதுக்கு எட்டு கார்டையும் நிறுத்தணும். ரெண்டு நாளைக்குப் பாதி ஊருக்கு லைன் இருக்காது. இந்தப் பெட்டியை அஞ்சு வருசத்துக்கு மாத்த வேண்டியதில்லைன்னு முதலாளிகிட்ட எழுதிக் கையெழுத்துப் போட்டது மேடம். பெட்டி போச்சுன்னா அவங்க வார்த்தை போச்சு. மேனேஜர் அதையே சொல்லிக் காட்டினார். மேடம் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பெட்டி முன்னாடி போய் நின்னாங்க.

நானும் பக்கத்தில் போய் நின்னேன். துணியில் ஒத்தை இழை விட்டிருந்தா நேராப் பார்த்தாத் தெரியாது. பீசை வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிக்கணும். பெட்டியைச் சாய்க்க முடியாது, அதனால நான் சாய்ஞ்சேன். டார்ச்சை ஓரமா அடிச்சு, பேனலைப் பக்கவாட்டில் பார்த்தேன். ஏழு பட்டன் ஒரே மட்டத்தில் இருந்துச்சு. மூணாவது பட்டன் ஒரு நூல் உள்ளே போயிருந்துச்சு. அதோட விளிம்பு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து, லேசாப் பருத்து, ஓட்டையை இடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

அந்த வெளுப்பை எனக்குத் தெரியும். கறை மருந்து பிளாஸ்டிக் பட்டன் வச்ச சட்டையில் தெறிச்சா அப்படித்தான் பூக்கும். அதனாலதான் செக்கிங்கில் பட்டன் மேலே கையை வச்சு மறைச்சுக்கிட்டு மருந்தடிப்போம். பதினாறு வருசம் சட்டைப் பட்டனை மறைச்ச கை, இந்தப் பட்டனை மறைக்கலை.

ஓடிப்போய் நோட்டை எடுத்துப் புரட்டினேன். திங்கக்கிழமை வரைக்கும் மூணாவது கட்டத்தில் பச்சைதான். புதன்கிழமை மத்தியானம் ஒரு மஞ்ச நூல். வெள்ளிக்கிழமை ஒண்ணு. அதுக்கு மேலே தினம் ஒண்ணு. ஒட்டினது நான்தான். ஒட்டினவளுக்கு அது என்னான்னு உரைக்கலை.

பேசாம இருந்திருக்கலாமான்னு இப்பக்கூட யோசிச்சுப் பார்க்கிறேன். பட்டன் சிக்கியிருக்குதுன்னு மட்டும் சொல்லியிருந்தாலும் போதும், எனக்குப் பேரு வந்திருக்கும். ஆனா ஏன் சிக்குச்சுன்னு மேடம் கேப்பாங்க. கேக்காம விடமாட்டாங்க. தெரியாதுன்னு அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல என்னால ஆகாது. அதுவுமில்லாம, கொஞ்ச முன்னாடிதான் ஒருத்தர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருந்தார். அதை நான் வச்சுக்கக் கூடாது.

"மேடம், மூணாவது பட்டன் உள்ளே சிக்கியிருக்குதுங்க. அமுக்கினது நான் இல்லீங்க. ஆனா சிக்க வச்சது நான்தானுங்க."

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்திட்டு, நோயாளிகிட்ட டாக்டரம்மா கேக்கிற மாதிரி கேட்டாங்க. என்ன மருந்து? எந்தத் துணி? ஒருக்காவா, ரெண்டு தரமா? கன்னில் அடிச்சீங்களா, நனைச்சுத் துடைச்சீங்களா? எந்தக் கிழமை? எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. ஏன் செஞ்சீங்கன்னு மட்டும் கேக்கலை. அதுக்கப்புறம்தான் டார்ச்சை வாங்கி, என்னை மாதிரியே சாய்ஞ்சு பார்த்தாங்க.

"மூஞ்சிதான் கெட்டிருக்கு. ஒடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாங்க. "கழட்டிப் பாப்போம்."

இன்ஜினியருக்கு நம்பிக்கை இல்லை. பெட்டி ஓடும்போதே பேனலைக் கழட்டலாம்னு பொஸ்தகத்தில் இருக்குது, யாரும் செஞ்சு நான் பார்த்ததில்லைன்னார். மேடம் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி அதோட ஒயரைப் பெட்டியில் மாட்டினாங்க. உடம்பில் இருக்கிற கரண்டு கார்டைக் கொல்லாம இருக்க அது வேணும். ரெண்டு பக்கமும் திருகைத் தளர்த்தினாங்க. பேனலை முன்னாடி இழுத்து, பின்னாடி போற பட்டை ஒயரை நகத்தால நெம்பினாங்க. ஸ்க்ரீன் செத்துது. சிவப்பு லைட்டு செத்துது. பேனல் மேடம் கையில் வந்துடுச்சு. பெட்டி நெத்தியில் ஒரு பொந்துதான் மிச்சம்.

கார்டோட சொந்த லைட்டு ஏழும் பச்சையா அப்படியே எரிஞ்சுது. கம்ப்யூட்டரில் தட்டி மூணாவது கார்டை ஏத்தினாங்க. மினுக்கி மினுக்கி அதுவும் பச்சை ஆச்சு. யாரும் நகரலை. கால் மணி ஆச்சு, அரை மணி ஆச்சு. ஒரு மணி நேரம் ஆனதும் இன்ஜினியர் டீ கேட்டார். அதுதான் அவர் ஒத்துக்கிட்டதுக்கு அடையாளம்.

மறுநாள் மேனேஜர் எனக்கு மெமோ குடுத்தார். அவர் முறைப்படி செய்யணும், அதில் எனக்குக் கோவம் இல்லை. வேலையில் வைக்கிறதா வேண்டாமான்னு என் விளக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்கன்னு சொன்னார். நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிச்சுத் தர்றேன்னு ஆபீஸ் புள்ளை ஒருத்தி வந்துச்சு. வேண்டாம் கண்ணு, நானே எழுதறேன்னேன். மத்தியானம் சோத்துக்கு உட்கார்ந்தவள் பொழுது சாயற வரைக்கும் எழுதினேன்.

"நான் பழனாத்தாள். காஞ்ச துணியில் துடைக்கச் சொன்னார்கள். நான் கறை மருந்தில் துடைத்தேன். பார்க்க நன்றாக இருக்கணும் என்று செய்தேன். பட்டனை நான் அமுக்கவில்லை. துடைத்தது நான்."

இவ்வளவுதான். மேனேஜர் ரெண்டு தடவை படிச்சார். மேடத்துகிட்டக் குடுத்தார். மேடம் அதுக்குக் கீழே ஏதோ எழுதினாங்க. என்னான்னு நான் கேக்கலை, அவங்களும் சொல்லலை.

புது பேனல் வர ஒம்போது நாள் ஆச்சு. அது வரைக்கும் பெட்டி மூஞ்சி இல்லாமலே ஓடுச்சு. மணிக்கொரு தரம் கார்டு லைட்டைப் பார்த்து, ஃபேன் சத்தம் மாறுதான்னு காது குடுத்துக் கேட்டு நோட்டில் ஒட்டினேன். ஒம்போது நாளும் மெமோவுக்குப் பதில் வரலை. தினம் டிபன் பாக்ஸைக் கழுவும்போது, நாளைக்கு இதைக் கொண்டுவர வேண்டியிருக்குமான்னு நினைச்சுக்குவேன்.

பத்தாம் நாள் புது பேனலை மாட்டினதும் மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. பக்கத்தில் மேனேஜரும் இருந்தார். கம்பெனிக்கு அவிநாசி, பல்லடம், சாமளாபுரம்னு மூணு எடத்தில் இதே மாதிரி பெட்டி உண்டு. மூணு ரூமையும் பார்த்துக்கிறது என்னை மாதிரிப் பொம்பளைங்கதான். பனியன் கம்பெனியில் இருந்தோ தறிக்குடோனில் இருந்தோ வந்தவங்க.

"அவங்களும் தொடச்சிருப்பாவளா எக்கா?"

"தொடச்சிருப்பாங்க மேடம். கறை இருந்தா எங்க கை சும்மா இருக்காதுங்க."

"இன்ஜினியரை அனுப்பிக் கேட்டா?"

"இல்லேன்னுதான் சொல்லுவாங்க."

"அப்போ நீங்க போங்க," என்றாங்க. மேனேஜர் எனக்குக் கம்பெனி வண்டிக்குச் சீட்டு எழுதினார். மெமோவுக்கு எனக்கு வந்த பதில் அதுதான்.

அவிநாசியில் பேனல் அழுக்கா இருந்துச்சு, நிம்மதி. பல்லடத்திலும் அழுக்குத்தான். சாமளாபுரத்தில் கதவைத் திறந்ததுமே பேனல் பளபளன்னுச்சு. அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும்.

ரூமைப் பார்த்துக்கிட்டது துளசிமணி. தறிக்காரக் குடும்பம், முப்பது வயசு இருக்கும். எதில் துடைக்கிற கண்ணுன்னு கேட்டேன். காஞ்ச துணியிலதானுங்கக்கான்னு தரையைப் பார்த்துச் சொல்லுச்சு. நான் அதுக்கு மேலே கேக்கலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இங்கே எழுதியிருக்கிறதை எல்லாம் அதுகிட்டச் சொன்னேன். ஷாம்பு பாட்டில், முதலாளி வந்தது, பூட்டின ரூம், மெமோ, நான் எழுதினது, ஒம்போது நாளு. ஒண்ணையும் விடலை. அது சுவத்தில் சாய்ஞ்சு நின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

கடைசியா, "வேலை போயிடுமாங்கக்கா?" என்றது.

"எனக்குப் போயிருந்தா நான் எப்படிக் கண்ணு இங்கே வந்து உட்கார்ந்திருப்பேன்?"

அது சுவத்தை விட்டு நகர்ந்துச்சு. அப்புறம் ரூமோட கோடிக்குப் போய், பேட்டரி ராக்குக்குப் பின்னாடி கையை விட்டு, துணியில் சுத்தின ஒரு பாட்டிலை எடுத்துக் குடுத்துச்சு. தொறந்து பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே இருந்துச்சு. போன வாரம் ஒரே ஒரு தடவைதானுங்க, முருகன் மேல சத்தியமா ஒரு தடவைதான்னு சொல்லுச்சு.

மேடத்துக்குப் போன் போட்டேன். பட்டனைப் பிடிக்காதீங்க, லேசாத் தட்டிப் பாருங்க, திரும்பி வருதான்னு சொல்லுங்கன்னாங்க. டார்ச்சைத் துளசிமணி பிடிச்சுது. நான் ஒண்ணாவது பட்டனில் விரல் வச்சுத் தட்டினேன். ரெண்டாவது, மூணாவதுன்னு எட்டையும் தட்டினேன்.

எட்டும் திரும்பி வந்துச்சு.